என் பேத்தி போட்ட வகுத்தல் கணக்கு

இந்த முறை வகுத்தல் கணக்கைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள். "பழைய கதை, கோயில், கடற்கரைன்னு எழுதுறதை விட்டுட்டு இது என்ன?" என்றாள். முப்பத்தேழு வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாகக் கூட்டிக் கழித்தே காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது எண்களை விட்டு ஒதுங்கி இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் பேத்தியை அழ வைத்துவிட்டேன். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எழுதினால்தான் தீரும்.

பேத்தி ஐந்தாம் வகுப்பு. தாழ்வாரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். காப்பி டம்ளரோடு பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். 1537-ஐ 24-ஆல் வகுக்க வேண்டும். அவள் நோட்டில் எண்ணை எழுதி, வலது பக்கம் மேலிருந்து கீழாக நீளமாக ஒரு கோடு போட்டிருந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் 50 என்று எழுதி, இந்தப் பக்கம் 1200-ஐக் கழித்திருந்தாள். மீதி 337. பிறகு 10 என்று எழுதி 240-ஐக் கழித்திருந்தாள். மீதி 97. பிறகு 4 என்று எழுதி 96-ஐக் கழித்திருந்தாள். மீதி 1. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த 50, 10, 4 மூன்றையும் கூட்டி ஈவு 64, மீதி 1 என்று எழுதிக் கட்டம் போட்டிருந்தாள்.

விடை சரி. ஆனால் எனக்கு என்னவோ பொறுக்கவில்லை.

"என்னம்மா இது, மளிகைக் கடை பாக்கிச் சீட்டு மாதிரி நீளமா இழுத்து வச்சிருக்கே? வகுத்தல் இப்படியா போடுவாங்க?" என்றேன்.

"மிஸ் இப்படித்தான் தாத்தா சொல்லிக் கொடுத்தாங்க. எத்தனை தடவை எடுக்க முடியும்னு நமக்குத் தெரியுதோ, அத்தனை தடவை எடுத்துக்கலாம். அப்புறம் மிச்சத்துல எடுக்கணும்."

நான் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். (பழக்கதோஷம். ரிட்டையர் ஆன பிறகும் பையில் ஒன்று இருக்கும்.) அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த மாதிரி போட்டுக் காட்டினேன். "153-ல் எத்தனை 24 இருக்கு, சொல்லு?"

பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் தாத்தா 153? 1537 தானே இருக்கு? அந்த 7 எங்கே போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் விஷயம். எழுபத்தைந்து வயதில், நாலு தலைமுறை சம்பளப் பட்டியலைப் பார்த்தவனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது பெரியவர்கள் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். குரலை உயர்த்தினேன். "அதெல்லாம் கேட்கக் கூடாது, சொன்னபடி போடு" என்றேன். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சமையலறையிலிருந்து என் மகள் வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, "அவ போட்டது சரியான விடைதானேப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனேன்.

என் வகுத்தல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது 1950-ல், புதுச்சேரியில். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறிவிட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். இடைப்பட்ட வருடங்களில்தான் என் தொடக்கப்பள்ளி, பிரெஞ்சு மொழி வழியில். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாம் பிரெஞ்சு. கணக்கும் பிரெஞ்சில்தான். இன்றைக்கும் மனக்கணக்குப் போடும்போது என் உதடு பிரெஞ்சில்தான் முணுமுணுக்கும். நம் வயதுப் புதுச்சேரிக்காரர்கள் பலருக்கு இது இருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் வகுத்தல் எழுதும் விதம் வேறு. இங்கே வகுக்கும் எண்ணை இடது பக்கம் எழுதி, ஈவைத் தலைக்கு மேலே எழுதுவார்கள். அங்கே வகுக்கும் எண் வலது பக்கம் வரும். அதன் கீழே ஒரு படுக்கைக் கோடு, ஈவு அதற்குக் கீழே. இரண்டு கோடும் சேர்ந்து நிற்கும் அந்த வடிவத்துக்குப் 'பொத்தான்ஸ்' என்று பெயர். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தூக்குமரம் என்றும் அர்த்தம் உண்டு. எனக்குப் பொருத்தமான பெயராகத்தான் பட்டது.

கழிக்க வேண்டிய எண்ணை எழுதவே கூடாது என்பது அந்தப் பழைய முறையின் கௌரவம். எல்லாம் மனசுக்குள். "153-ல் எத்தனை தடவை 24? 6 தடவை. 6 நாலு 24, 33-லிருந்து போனால் 9, கையில் 3. 6 இரண்டு 12, கையில் இருந்த 3 சேர்த்து 15, 15-லிருந்து போனால் ஒன்றுமில்லை." இதையெல்லாம் பிரெஞ்சில் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே, 9 என்ற ஒரே எண்ணை மட்டும் தாளில் எழுத வேண்டும். பிறகு 7-ஐக் கீழே இறக்கி 97.

சரியாக வந்தால் அழகு. ஆனால் அந்த 6 எங்கிருந்து வரும்? ஊகம்தான். 15-ல் இரண்டு எத்தனை தடவை என்று பார்த்தால் 7 என்று தோன்றும். 7 போட்டால் 168; 153-ஐத் தாண்டிவிடும். அழிக்க வேண்டும். ஊதா மையில் எழுதியதை எப்படி அழிப்பது? தாள் கிழியும், அல்லது கறை படியும். கறை படிந்தால் ஸ்கேல். எங்கள் வாத்தியார் கையில் இருந்த ஸ்கேல் மரத்தில் செய்தது, ஓரத்தில் பித்தளைத் தகடு பதித்தது. இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை. அந்தக் காலத்தில் எல்லா வாத்தியார்களும் அப்படித்தான். என் விரல் மூட்டுக்குத் தெரிந்த ஒரே பாடம்: ஊகம் தப்பக் கூடாது. அந்த 153 உண்மையில் 153 பத்துகள், அந்த 6 உண்மையில் 60 என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேத்திக்கு நானும் சொல்லியிருப்பேன்.

கணக்குப் போட்டு முடித்ததும் சரிபார்க்க ஒரு வழியும் கற்றுக்கொடுத்தார்கள். பிரெஞ்சில் 'ப்ரெவ் பார் நெஃப்', அதாவது ஒன்பதால் சோதிப்பது. பெருக்கல் குறி மாதிரி ஒரு குறுக்குக் கோடு போட்டு, வகுத்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கி ஒரு பக்கம். ஈவுக்கும் அப்படியே செய்து இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கி, மீதியைச் சேர்த்து, மறுபடி ஒற்றை இலக்கமாக்கி மேலே. முதலில் இருந்த எண்ணின் ஒற்றை இலக்கம் கீழே. மேலும் கீழும் ஒத்துப்போனால் கணக்கு சரி. 9 வந்தால் அதை சைபராக எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் அபாரப் பெருமை. பிற்பாடு அலுவலகத்தில், இங்கிலீஷ் வழியில் படித்து வந்த சகாக்கள் ஒரு கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் ஓரத்தில் ஒரு குறுக்குக் கோடு கிழித்து அரை நிமிஷத்தில் "சரி" என்பேன். "பிரெஞ்சுக்காரர் மந்திரம் போட்டுட்டார்" என்பார்கள்.

அந்த மந்திரம்தான் என்னைக் கவிழ்த்தது.

1981-ல் நடந்தது. நான் சம்பளப் பிரிவில் இருந்தேன். எங்கள் அலுவலகப் பியூன் ஒருவருக்கு இன்கிரிமென்ட் தவறாகக் கொடுக்கப்பட்டு, அதிகப்படியாக 1,224 ரூபாய் போய்விட்டிருந்தது. 12 சம தவணைகளில் பிடித்தம் செய்ய உத்தரவு. அவருக்கு அப்போது கைக்கு வந்த சம்பளம் மாதம் ஐந்நூறுக்குள்தான் இருக்கும். 1224-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் போட்டேன். "12-ல் 12 ஒரு தடவை. 24-ல் 12 இரண்டு தடவை." ஈவு 12. ஓரத்தில் குறுக்குக் கோடு கிழித்தேன். 12 என்றால் 3. ஈவு 12, அதுவும் 3. மூன்று மூன்று ஒன்பது, அதாவது சைபர். 1224-ன் இலக்கங்களைக் கூட்டினால் 9, அதுவும் சைபர். சரி! மாதம் 12 ரூபாய் பிடித்தம் என்று பட்டியலில் ஏற்றிவிட்டேன். மேலே இருந்தவர்கள் சுருக்கொப்பம் போட்டார்கள்.

உண்மையான விடை 102. நடுவில் ஒரு சைபர் விட்டுப்போயிற்று. ஒன்பதால் சோதிக்கும் வழிக்கு அது தெரியாது, ஏனென்றால் அது இலக்கங்களைக் கூட்டித்தானே பார்க்கிறது? சைபரைக் கூட்டினால் என்ன, விட்டால் என்ன? 102-க்கும் 3, 12-க்கும் 3. இரண்டு இலக்கம் இடம் மாறிப்போனாலும் அது கண்டுபிடிக்காது. இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லவில்லை, நானும் யோசித்ததில்லை.

அந்தப் பியூன் என்னை விடப் பத்து வயது மூத்தவர். முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் என் மேஜைக்கு வந்தார். "ஐயா, பன்னிரண்டு ரூபாதான் பிடிச்சிருக்கு. அவ்வளவுதானா?" என்று கேட்டார். அவருக்கே சந்தேகம். படிக்காத மனுஷர், ஆயிரத்துச் சொச்சம் கடன், பன்னிரண்டு மாசம், மாசத்துக்கு நூறாவது பிடிப்பார்கள் என்று மனசுக்குள் போட்டு வைத்திருந்திருக்கிறார். நான் தலை நிமிராமல், "அவ்வளவுதான், போங்க" என்றேன். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் 'பிடித்தம் முடிந்தது' என்று பதிவேட்டில் எழுதிக் கோடும் போட்டாயிற்று.

1984-ல் ஆடிட் வந்தபோது பிடித்துவிட்டார்கள். 1,224-ல் வந்தது 144. பாக்கி 1,080. உடனே பத்துத் தவணையில் மாதம் 108 பிடிக்கச் சொல்லி உத்தரவு. அந்த வருடம்தான் அவர் பையனைத் தொழிற்பயிற்சிக்குச் சேர்த்திருந்தார். வட்டிக்குக் கடன் வாங்கினார் என்று பிறகு தெரிந்தது. என் மேஜைக்கு வந்து நின்றார். "ஐயா, முடிஞ்சுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது. "ஆடிட்ல பிடிச்சுட்டாங்க. நான் என்ன செய்ய முடியும்?"

எனக்கு ஒரு மெமோ வந்தது. கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதோடு என் தண்டனை முடிந்தது. அவர் ரிட்டையராகி, காலமாகி, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைசிவரை ஆடிட்காரர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.

பேத்தி அழுத அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து கூடத்து விளக்கைப் போட்டு, அவள் நோட்டை எடுத்து, பின்பக்கத்தில் அவள் முறையில் 1224-ஐ 12-ஆல் வகுத்துப் பார்த்தேன். 12-ஐ எத்தனை தடவை எடுக்கலாம்? 100 தடவை எடுக்கலாம், 1200. மீதி 24. இன்னும் 2 தடவை. 100-ம் 2-ம் 102. இரண்டே வரி. இதில் சைபரை எப்படித் தொலைப்பது? தொலைக்கவே முடியாது. ஏனென்றால் இதில் சைபர் தனியாக எழுத வேண்டிய பொருள் இல்லை. நூறும் இரண்டும் கூட்டினால் தானாக நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் முறையில், இறக்கிய எண்ணில் வகுக்க முடியாதபோது ஈவில் ஒரு சைபர் போட வேண்டும் என்பது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விதி. விதியை மறந்தால் 102 போய் 12 ஆகிவிடும், 1054 போய் 154 ஆகிவிடும். எத்தனை பிள்ளைகள் இதில் மார்க் இழந்திருக்கிறார்கள் என்று ஆசிரியராக இருந்தவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் முறை ஊகத்தில் தொடங்கும், ஊகம் தப்பினால் அழிக்க வேண்டும். பேத்தி முறையில் குறைவாக ஊகித்தால் தப்பே இல்லை. 1537-ல் 50 தடவை எடுக்கலாம் என்று தோன்றாத பிள்ளை 20 தடவை எடுக்கட்டும், 480. மறுபடி 20, மறுபடி 20. மூன்று முறை எடுத்தால் 97 மிஞ்சும். அதில் 4. மொத்தம் அதே 64, மீதி அதே 1. பயந்த பிள்ளையும் போய்ச் சேரும், துணிந்த பிள்ளையும் போய்ச் சேரும். ஒருவருக்கு இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். ஸ்கேலுக்கு வேலையில்லை.

அப்போதுதான் எனக்கு ஆயா ஞாபகம் வந்தது. அம்மாவைப் பெற்ற ஆயாவுக்குப் பாகூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் லீவுக்குப் போவோம். காய் ஆய்ந்த பெண்களுக்குக் கூலி காசாக இல்லை, காயாகவே. அவர்களுக்கென்று ஒதுக்கிய குவியலைக் களத்தில் கொட்டி, ஒன்பது பேரை உட்கார வைத்து, ஆயா என் மாமாவிடம் சொல்வாள்: "முதல்ல ஆளுக்குப் பத்துப் படி அளந்து வை. மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்." அளந்த பிறகு குவியலை ஒரு பார்வை பார்ப்பாள். "இன்னும் அஞ்சு தாங்கும்." அதையும் அளந்ததும், "ரெண்டு ரெண்டு போடு." கடைசியில் ஒன்பது படிக்குக் குறைவாக மிஞ்சியது கூட நின்ற பிள்ளைகளுக்கு. ஆளுக்குப் பதினேழு படி. மொத்தம் எத்தனை படி என்று யாரும் அளக்கவே இல்லை, ஆனால் பங்கு சரியாக வந்தது, எல்லோருக்கும் எதிரிலேயே வந்தது. ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. ஈவு என்ற சொல்லுக்குக் கொடுப்பது, பங்கிடுவது என்றுதான் மூலப்பொருள். நாங்கள் ஊதா மையில் எழுதிய ஈவில் கொடுப்பதும் இல்லை, பங்கும் இல்லை. ஆயாவின் களத்தில் இரண்டும் இருந்தன. அந்த 'மீதி'யைத் தின்றவன் நான். பள்ளிக்கூடத்து மீதிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அறுபது வருடம் கழித்து என் பேத்தியின் நோட்டில் பார்க்கிறேன்.

இது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த விளையாட்டு முறை என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்தியப் பாப்பிரஸ் சுருள் ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய கி.மு. 1550-ல் எழுதியது. ரைன்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1858-ல் எகிப்தில் வாங்கியதால் அவர் பெயராலேயே சொல்வார்கள். அதைப் பிரதியெடுத்து எழுதியவர் பெயர் ஆமெஸ். அவரும் ஒரு எழுத்தர், நம் ஜாதி! அவர்கள் வகுத்த விதம் இரட்டிப்பது. 12-ஐ எடுத்துக்கொண்டால், ஒரு தடவை 12, இரண்டு தடவை 24, நாலு தடவை 48 என்று இரட்டித்துக்கொண்டே போய், 64 தடவைக்கு 768 வரை எழுதிக்கொள்வார்கள். 1224 வேண்டுமானால் 768, 384, 48, 24 ஆகிய நாலையும் சேர்த்தால் போதும். அவற்றுக்கு எதிரே உள்ள 64, 32, 4, 2-ஐக் கூட்டினால் 102. தெரிந்ததை எடு, மிச்சத்தைப் பார், கடைசியில் கூட்டு. மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய குமாஸ்தாவும், பாகூர் ஆயாவும், என் பேத்தியின் மிஸ்ஸும் ஒரே கட்சி. நடுவில் வந்து சிவப்புக் கோடு போட்டவன் நான்தான்.

சரி, எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்க வேண்டும். பேத்தியின் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் பெரிய சண்டை நடக்கிறது. மகள் காட்டினாள். இந்த முறை நீளம், பரீட்சையில் நேரம் போதாது, ஆறாம் வகுப்பில் இதற்கு மார்க் கிடையாதாம், எனவே இப்போதே நிறுத்திவிட்டுப் பழைய முறையைக் கற்றுக்கொடுங்கள் என்று ஒரு பாதி. என்னைப் போலத் தாத்தாக்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நீளம் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. 9384-ஐ 12-ஆல் வகுக்கச் சொன்னால், பத்துப் பத்தாகவே எடுக்கத் தெரிந்த பிள்ளை எழுபத்தெட்டு முறை கழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குள் மணி அடித்துவிடும். 700 தடவை, 80 தடவை, 2 தடவை என்று எடுக்கத் தெரிய வேண்டும். அதற்கு வாய்ப்பாடும் வேண்டும், ஏழு பன்னிரண்டு 84 என்றால் எழுநூறு பன்னிரண்டு 8400 என்பதும் சட்டென்று வர வேண்டும். வாய்ப்பாடே வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. கழித்தல் அதிகம் என்பதால் கழித்தலில் தவறும் வாய்ப்பும் கூடுதல், இதுவும் உண்மை. தசமம் வரை போகும்போது பழைய முறை கச்சிதம். அதைக் கற்றுக்கொள்ளவே கூடாது என்று சொல்லவில்லை. முதலில் இது, அது பிறகு. இதைப் போட்டுப் போட்டுப் பெரிய துண்டாக எடுக்கப் பழகிய பிள்ளை, ஒரு நாள் தானாகவே ஆயிரத்தை ஒரே தடவையில், நூறை ஒரே தடவையில் எடுக்க ஆரம்பிக்கும். அது பழைய முறையேதான், சைபர்களைப் போடாமல் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளையிடம் 153 என்றால், அது 153 பத்து என்று அதற்கே தெரிந்திருக்கும். என்னை மாதிரித் திருதிருவென்று முழிக்காது.

வேகம் வேகம் என்கிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. வேகமாக வகுக்க இன்றைக்கு யாருக்கு மனுஷன் வேண்டும்? காய்கறிக் கடைக்காரர் கூடப் போனில் தட்டுகிறார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வேகமாகவும் பிழையில்லாமலும் வகுக்கிற குமாஸ்தாவுக்கு மதிப்பு இருந்தது. அதற்காகத்தான் எங்களை அடித்து வளர்த்தார்கள் என்று நினைக்கிறேன். அந்த வேலை இப்போது இல்லை. இப்போது வேண்டியது, போன் காட்டுகிற விடையைப் பார்த்து "இது எப்படி இருக்க முடியும்?" என்று கேட்கிற புத்தி. ஆயிரத்து இருநூறை 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 12-ஆ என்று திடுக்கிடுகிற புத்தி. அந்தப் பியூனுக்கு அது இருந்தது. சர்டிஃபிகேட் வைத்திருந்த எனக்கு இல்லை. இலக்கம் இலக்கமாகப் பார்க்கப் பழகியவனுக்கு மொத்த எண் கண்ணில் படுவதே இல்லை. பேத்தியின் முறையில் முதல் கேள்வியே மொத்த எண்ணைப் பார்த்துக் கேட்பது: இதில் எத்தனை தடவை எடுக்கலாம், நூறு தாங்குமா, ஐம்பது தாங்குமா?

ஆறாம் வகுப்பில் மார்க் கிடையாது என்பதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். விடை சரி, வழி புரிகிறது, ஒவ்வொரு வரியும் உண்மை. பிறகு எதற்கு மார்க் குறைப்பது? மாமூல் ஃபார்மில் எழுதவில்லை என்று மனுவைத் திருப்பி அனுப்புகிற வேலையை முப்பத்தேழு வருடம் நானே செய்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையிடமும் அதைச் செய்ய வேண்டுமா?

மறுநாள் காலையில் பேத்தியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "போங்க தாத்தா" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் நம்மை மாதிரி மனசில் வைத்துக்கொள்வதில்லை. 1224-ஐ 12-ஆல் வகுக்கச் சொன்னேன். 100 எழுதினாள், 2 எழுதினாள், 102 என்று கட்டம் போட்டாள். அரை நிமிஷம் ஆகவில்லை. "இவ்வளவு ஈஸியா கேக்குறீங்க?" என்றாள். "நடுவுல ஒரு சைபர் இருக்கே, அது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். "நூத்தி ரெண்டுன்னா சைபர் இருக்கும்ல?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தக் கணக்கை ஏன் கொடுத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அந்தப் பியூனின் பையன் இதே ஊரில்தான் இருக்கிறார். இப்போது அவருக்கும் அறுபது நெருங்கும். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் செருப்பை மாட்டுவேன், பிறகு கழற்றிவிடுவேன்.

அடுத்த சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். இந்த வகுத்தல் விவகாரத்தைப் பேசப்போகிறார்களாம். தாத்தாக்களும் வரலாம் என்று மகள் சொன்னாள். நான் வருகிறேன், நாலு வார்த்தை பேசுகிறேன் என்றேன். ஒரு நிபந்தனையோடு அனுமதித்திருக்கிறாள்: பிரெஞ்சில் எண்ணக் கூடாது.